பட்டாளத்துப் பாட்டனைத் தேடி

முகையூர்ப் பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தம் பேரனுடன் என்னிடம் வந்தார். அவர்கள் குடும்பத்திற்குச் 'சிப்பாய் வீடு' என்னும் பெயர் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. கும்பினிப் பட்டாளத்தில் சேவித்த பாட்டனாரின் பெயரைக் கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்பது முதியவரின் ஆசை. "அந்நியனுக்குக் கூலிக்குத் துப்பாக்கி பிடித்தவருக்குக் கல்லெழுத்து எதற்குச் சாமி?" என்பது பேரனின் கேள்வி. முதலில் தேடுவோம், பிறகு தீர்ப்பிடுவோம் என்று இருவருக்கும் சொன்னேன்.

எளிய குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவோர்க்கு முதல் வாசல் பங்கின் பதிவேடே. மணமக்களின் பெயரையும், திருமுழுக்குப் பெறும் குழந்தையின் ஞானப்பெற்றோர் பெயரையும் பங்குக்குரு ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் பணித்தது. அவ்வழக்கம் நம் நாட்டு மறைத்தளங்களுக்கும் வந்தது. மன்னர்களின் கல்வெட்டுகளில் இடம்பெறாத உழவனும் கூலியாளும் இவ்வேடுகளில் பெயரோடு வாழ்கிறார்கள்.

நம் வட்டாரத்தில் சிப்பாய் உருவான காலம் கொந்தளிப்பானது. 1746இல் அடையாற்றங்கரையில் பாரடி என்பவர் நடத்திய சிறு பிரெஞ்சுப் படை ஆற்காட்டு நவாபின் பெரும் படையை முறியடித்தது. அதில் நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். பயிற்சி பெற்ற சிறு படையின் வலிமையை அன்று எல்லாரும் கண்டனர். 1758இல் ஆங்கிலேயரும் தம் சென்னைச் சிப்பாய்களைப் பட்டாளங்களாக ஒழுங்குபடுத்தத் தொடங்கினர். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761இல் புதுச்சேரியும் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின. இரு கொடிகளின் கீழும் நின்று மடிந்தவர்களுள் தமிழர் பலர். புதுவையின் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் தளபதிகள் பெயரோடு வருகிறார்கள். சாதாரணச் சிப்பாய் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறான்.

பட்டாளத்து ஆவணங்களிலும் நிலை அதுவே. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், இலண்டனிலுள்ள இந்தியா அலுவலக ஆவணங்களிலும் வெள்ளை அதிகாரியின் பதவி உயர்வும் விடுப்பும் விரிவாகக் கிடைக்கும். அவருக்குக் கீழ் நின்ற சிப்பாயைத் தனிமனிதனாகக் காண்பது அரிது.

சில வேளை பட்டாளமே அழிக்கப்பட்டது. 1806இல் புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றிக்குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற ஆணைகள் வந்தன. தம்மைக் கிறிஸ்தவராக்கும் சூழ்ச்சி இது என்று சிப்பாய்கள் அஞ்சினர். அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் அவர்கள் எழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் படை அன்றே கோட்டையை மீட்டு, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. விசாரணைக்குப் பின் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டனர். அங்கிருந்த முதலாம், இருபத்துமூன்றாம் பட்டாளங்களின் எண்களே படைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அடக்க வந்த படையிலும் நம் நாட்டுக் குதிரைவீரர் இருந்தனர் என்பதே நெஞ்சை உறுத்தும் செய்தி. நம் பாட்டனார் எப்பக்கம் நின்றிருப்பார்? அன்று சுட்டவனும் சுடப்பட்டவனும் நம்மவரே.

கிறிஸ்தவர்களாகிய நாம் இதில் மேலும் ஒன்றை எண்ண வேண்டும். ஆட்சியின் ஆணவத்தோடு நம் மறையின் பெயர் சேர்ந்தபோது, அது ஏழைச் சிப்பாயின் உள்ளத்தில் அச்சத்தையே விதைத்தது. நற்செய்தி எவர்மேலும் ஆணையாகத் திணிக்கப்படலாகாது.

எங்கள் தேடலில் கிடைத்தது சிறிதே. பழைய ஏடு ஒன்றில் ஒரு குழந்தையின் திருமுழுக்கு. தந்தையென்று பாட்டனாரின் பெயர். அருகில் தாயின் பெயர். பட்டாளத்தின் எண் இல்லை, பதக்கம் இல்லை. பேரன் அவ்வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அவருக்கும் பசித்த பிள்ளை இருந்திருக்கிறது, சாமி" என்றான்.

திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்களும் வந்து, தாங்கள் செய்ய வேண்டியது என்னவென்று கேட்டதாக லூக்கா எழுதுகிறார். அவர் அவர்களை விரட்டவில்லை. எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் தம் ஊதியத்தோடு வாழச் சொன்னார். முன்னோரை வீரராக்கவும் துரோகியாக்கவும் நமக்கு அவசரம் வேண்டாம். அவர்கள் செய்ததை மறைக்காமல் அறிவோம், அவர்களுக்காகச் செபிப்போம்.

கல்லறைக் கல்லில் இப்போது பாட்டனாரின் பெயரும் பாட்டியின் பெயரும் சேர்ந்தே உள்ளன. பட்டாளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படிப் பொறிக்கச் சொன்னவர் முதியவரே.