கூகைக் கக்கல்

கூகை விழுங்கிய இரையில் செரிக்காத எலும்பும் மயிரும் உருண்டையாகத் திரண்டு வாய்வழியே வெளிவருவது கக்கல் எனப்படும். இது எச்சம் அன்று. அமெரிக்கப் பள்ளிகளில் இதைப் பிரித்துப் பார்ப்பது நெடுநாளாக உள்ள வகுப்பறைப் பயிற்சி. எந்த உயிரையும் கொல்லாமல், ஒரு பறவை என்ன தின்றது என்பதை மாணவர் தம் கையாலேயே கண்டறிய இதைவிட நல்ல வழி அரிது.

கூகை எலியைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கிவிடும். அதன் இரைப்பை அமிலம் பருந்தினுடையதைவிட வீரியம் குறைந்தது. அதனால் சதை கரையும், எலும்பு தங்கும். அரைவைப்பையில் அந்த எலும்புகளைச் சுற்றி மயிர் இறுகிக் கட்டியாகிறது. சில மணி நேரத்தில் கூகை அதைக் கக்கிவிடும். புதிதாக விழுந்தது கருத்துப் பளபளக்கும். காய்ந்தால் சாம்பல் நிறமாகும்.

வகுப்பில் இடுக்கியும் ஊசியும் எலும்புப் படமும் போதும். மயிரை மெல்லப் பிரித்ததும் மாணவர் தேடுவது மண்டையோட்டைத்தான். எலி போன்ற கொறிணியானால் முன்பற்கள் உளிபோல் வளைந்து மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். அவற்றுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். மூஞ்சூறு இனத்தில் அந்த இடைவெளி இல்லை, கூரிய பற்கள் வரிசையாக நிற்கும். வட அமெரிக்க மூஞ்சூறுகள் பலவற்றின் பல்நுனி செந்நிறம்.

அடுத்தது கணக்கு. இடது கீழ்த்தாடை மூன்று, வலது இரண்டு கிடைத்தால் அந்தக் கூகை தின்றது குறைந்தது மூன்று உயிர்கள். கிடைத்த எலும்பைக் கொண்டு கிடைக்காததை அறியும் இந்த இடம்தான் பாடத்தின் உயிர். ஆனால் மண்புழு போன்ற மென்னுடல் இரைகள் எலும்பை விட்டுச் செல்வதில்லை. ஒரு கக்கலை வைத்துக் கூகையின் முழு உணவையும் சொல்லிவிட முடியாது; பல கக்கல்கள் வேண்டும்.

விற்பனைக்கு வரும் கக்கல்கள் பொதுவாகச் சூடேற்றிக் கிருமி நீக்கப்பட்டவை. ஆனாலும் கவனம் தேவை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் இப்பயிற்சியை ஒட்டிச் சால்மோனெல்லா தொற்று பரவியது பதிவாகியுள்ளது. சாப்பிடும் மேசையில் இதைச் செய்யவே கூடாது.

காவிரிப் படுகையிலும் ஆய்வாளர்கள் கக்கல்களைப் பிரித்துக் கூகையின் உணவை ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் வயலெலி, சுண்டெலி, மூஞ்சூறு எலும்புகள் கிடைத்தன. நம் ஊர்க் கோபுர மாடங்களின் கீழும் பாழடைந்த கட்டடங்களிலும் கக்கல்கள் விழுந்து கிடப்பதுண்டு. எடுப்பவர்கள் கையுறை அணியுங்கள், குஞ்சு இருக்கும் கூட்டை நெருங்காதீர்கள்.