பீங்கானில் எழுதிய கதைகள்

யாழ்ப்பாணத்து வீடுகளில் பீங்கான் என்பது இன்றும் சமையலறைச் சொல். சோறும் கறியும் இட்டு உண்ணும் அந்தப் பாண்டத்தின் முன்னோர் சீனத்துச் சூளைகளில் பிறந்து, பெருங்கடல்களைத் தாண்டி வந்தவர்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெண்பீங்கானில் நீல ஓவியம் தீட்டும் கலை, 14ஆம் நூற்றாண்டில் யுவான் வம்ச ஆட்சியின்போது சிங்தெச்சென் நகரச் சூளைகளில் முதிர்ச்சி பெற்றது. நீலத்துக்கான கோபால்ட் பாரசீகத்திலிருந்து சென்றது. பூவும் கொடியும் யாளியை ஒத்த நாகமும் முதலில் வந்தன. பின்னர் புராணங்களும் ஏறின. சாகாவரம் பெற்ற சித்தர் எண்மர், அமரத்துவம் தரும் பழத்தைக் காக்கும் மேற்றிசை அன்னை, துறவி யுவான் சுவாங்குக்குத் துணைசென்ற குரங்கு வீரன் ஆகியோரைப் பிற்காலத்துக் கலங்களில் காணலாம். பாற்கடல் அமுதத்தையும் அனுமனையும் அறிந்த நமக்கு இவை முற்றிலும் அந்நியமானவை அல்ல. அந்த யுவான் சுவாங், காஞ்சிபுரம் வரை வந்தும் ஈழத்தைக் காணாது திரும்பியவர்.

ஆனால் சீனப் பாண்டங்கள் நம் கரைக்கு வந்தது நீல ஓவியத்துக்கும் முன்னர். வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழ்வில் சோங் காலத்துச் சீன மட்கல ஓடுகள் வெளிவந்தன. அவை சுமார் 900 ஆண்டுகள் பழைமையானவை. நீல வெண்பீங்கான் உலகெங்கும் பரவிய வரலாற்றைப் பின்னர் நூலாக எழுதியவரும் இவரே. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியக அறிஞர்கள், இலங்கைத் தொல்லியலாளருடன் இணைந்து அதே ஊரில் மீண்டும் அகழ்ந்தனர்.

இந்தக் கடல்வழிக்கு எழுத்துச் சான்றும் அருகிலேயே உண்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட தமிழ்ச் சாசனம் நயினாதீவில் உள்ளது. ஊர்காவற்றுறைப் பக்கம் உடையும் கப்பல் யானை, குதிரை ஏற்றிவந்ததாயின் சரக்கில் நாலில் ஒரு பங்கும், வணிகப் பண்டம் ஏற்றியதாயின் பாதியும் அரச பண்டாரத்துக்குரியவை. எஞ்சியவை உடையவருக்கே என்கிறது அது. சிங்கள மன்னன் தமிழில் ஆணை பொறித்தான் என்பதே அத்துறையில் யார் நடமாடினர் என்பதைச் சொல்லும்.

கதைகள் ஒருவழியாக மட்டும் பயணிக்கவில்லை. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில், 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று சிவன் கோயில் எழுந்ததைக் கூறுகிறது. சிவலிங்கத்துக்குப் பால் சொரியும் பசு, அதை வழிபடும் யானை, நரசிம்மர், கண்ணன் ஆகிய சிற்பங்கள் அந்நகரில் கிடைத்துள்ளன. சீனப் பாணி கலந்த அச்சிற்பங்களில் நம் புராணம் வேற்றுநாட்டுக் கல்லில் வாழ்கிறது. அவர்களுடைய புராணமோ நம் கடல்களில் பீங்கானாக மிதந்தது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தக் கம்பெனியின் கப்பல்கள், நீல வெண்பீங்கானைப் பெருமளவில் ஏற்றிச் சென்றவை.

நம் வரலாற்றை அரசர் பட்டியலாகவும் போர்க் கதையாகவும் மட்டுமே எழுதிப் பழகிவிட்டோம். கோட்டையைக்கூட முற்றுகைகளின் பெயரால்தான் நினைவில் வைத்திருக்கிறோம். போருக்குப் பின்னர் அதே கோட்டை வளவில் நிகழ்ந்த அகழ்வுகளில் போர்த்துக்கேயர் வருகைக்கு முந்திய மண்ணடுக்குகளும், சீன, அரபு நாடுகளின் மட்கலங்களும் தெரியவந்தன.

உடைந்த ஓடு விலைபோகாது. ஆனால் கிடந்த இடத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது சாசனம். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ நீலக்கோடு படிந்த துண்டொன்று தட்டுப்பட்டால், அதை அலங்காரப் பொருளாக எடுத்துச் செல்லாதீர்கள். இடத்தைக் குறித்துவைத்து, தொல்லியல் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அறிவியுங்கள். இடம் தொலைந்தால் அந்த ஓடு ஊமையாகிவிடும்.