பெயர்ப்பலகையும் முக்காலியும்

கடைப் பலகையில் தமிழ் வேண்டும் என்கிற விதி ஏதோ மொழிச் சட்டத்தில் இருப்பதாகத்தான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது இருப்பது 1948ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில், பிற்பாடு திருத்தப்பட்ட 15ஆம் விதியாக. மூலச் சட்டம் 1947இனுடையது. எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை பற்றிப் பேசும் தொழிலாளர் சட்டம். ஆக, எழுத்தின் அளவைச் சோதிக்க வேண்டியதும் சிப்பந்தியின் வேலைநேரத்தைச் சோதிக்க வேண்டியதும் ஒரே தொழிலாளர் துறைதான்.

தமிழ் மேலே, அடுத்து ஆங்கிலம், கடைசியில் பிறமொழி, விகிதம் 5:3:2. எழுத்துக்கு இத்தனை நுணுக்கமாக இடம் அளந்த சட்டம், அந்தப் பலகைக்குக் கீழே நாள்முழுக்க நிற்கிற பெண்ணுக்கு உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்று சொல்ல 2021 ஆகிவிட்டது. 22-ஏ பிரிவு. கேரளம் 2018இலேயே முந்திக்கொண்டது.

பலகையை நான் இளக்காரமாகப் பேசவில்லை. 1952இல் பெரியார் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தை அழிக்கச் சொன்ன நாளிலிருந்து அது நமக்கு அரசியல் களம். ஆனால் அதிகாரம் எதைப் பார்க்கப் பழகியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. போர்டு வெளியே தொங்குது, போறவன் வர்றவன் கண்ணுல படும். கால்வலி கவுண்டருக்குப் பின்னாடி இருக்கு, அதை யாரு பார்த்தா? வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தபோது அழுதோம். பிறகும் பதினொரு வருஷம்.

போன மாதம் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். பலகை விதிப்படி இருந்தது. முக்காலியும் இருந்தது. அதன்மேல் துணிக்கட்டு அடுக்கியிருந்தார்கள்.