இறகுத் தண்டிலிருந்து கனுலா வரை

எங்களில் சிலர் மருத்துவமும் தாதியமும் படிக்கிறோம். விடுதியில் முதன்முதல் கனுலா போடப் போன நாளை ஒருத்தரும் மறக்கேல்லை. கை நடுங்கும். நாளம் நல்லாத் தெரியிற மாதிரி இருக்கும், குத்தினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இரண்டாம் முறையும் பிழைச்ச பிறகு, "பரவாயில்லைப் பிள்ளை, மற்றக் கையில பாருங்கோ" எண்டு கையை நீட்டிய அம்மா ஒருவரை இப்பவும் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். இந்த வேலையை உலகம் யாருடைய உடம்பில் பழகியது?

1656இல் ஒக்ஸ்போர்ட்டில் கிறிஸ்தோபர் ரென் ஒரு நாயின் நாளத்துக்குள் திரவத்தைச் செலுத்தினார். பிற்காலத்தில் லண்டன் சென் போல்ஸ் பேராலயத்தை வடிவமைத்தவரும் இவர்தான். அவரிடம் ஊசி இல்லை. பறவை இறகின் தண்டுதான் குழாய், விலங்கொன்றின் சிறுநீர்ப்பைதான் மருந்துப் பை. இண்டைக்குக் கட்டிலுக்கு மேலே தொங்குகிற சேலைன் பையின் மூதாதை அது.

நாடியின் கதை ஒரு பாதிரியாரிடம் தொடங்குகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு பெண்குதிரையைக் கட்டிக் கிடத்தி, தொடை நாடிக்குள் பித்தளைக் குழாயைச் செருகி, அதில் நீண்ட கண்ணாடிக் குழாயொன்றை இணைத்தார். குருதி 8 அடிக்கும் மேலே ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறியிறங்கியது. 1733இல் அதை நூலாக வெளியிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாடிக் கனுலா திரையில் வரைகிற அலையும் அதே ஏற்ற இறக்கம்தான். குதிரைக்கு மட்டும் அது கடைசி நாள்.

பிறகு மனிதர்களின் முறை. 1831–32இல் பிரித்தானியாவில் கொலரா பரவியது. நோயாளிகளின் குருதியில் நீரும் உப்பும் குறைந்துபோகிறது என்று ஓ'ஷோனசி என்ற இளம் மருத்துவர் கண்டறிந்தார். எடின்பரோவுக்குப் பக்கத்திலுள்ள லீத்தில் தோமஸ் லாட்டா அதைச் செய்தே பார்த்தார். சாகக் கிடந்த வயதான பெண்ணொருவரின் நாளத்துக்குள் உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. 6 பைந்த் போன பிறகு முகம் தெளிந்தது, உடல் சூடேறியது. லாட்டா இன்னொருவரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போனார். வாந்தியும் பேதியும் திரும்பின, யாரும் மறுபடி நீர் ஏற்றவில்லை, சில மணித்தியாலங்களில் அந்தப் பெண் இறந்தார். வெளியேறுகிற அளவுக்குத் திருப்பி ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற பாடத்தை அவருடைய மரணம்தான் சொல்லித்தந்தது. அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. லாட்டாவும் அடுத்த வருடமே இறந்துபோக, கிருமியழிப்பு தெரியாத அந்தக் காலத்தில் இந்த முறை பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டது.

1844இல் டப்ளினில் பிரான்சிஸ் ரின்ட் உட்துளையுள்ள உலோக ஊசியைப் பயன்படுத்தினார். ஆனால் நாளத்துக்குள் விறைத்து நிற்கிற உலோகம், கை அசைந்தால் சுவரைக் கிழிக்கும். 1950இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் டேவிட் மாசாவும் கூட்டாளிகளும் ஊசியின் மேல் பிளாஸ்டிக் குழாயைப் போர்த்தினர். ஊசி வழிகாட்டும், குழாய் உள்ளே தங்கும், ஊசி வெளியே வந்துவிடும். நாங்கள் கையில் எடுக்கிற கனுலா இதன் பிள்ளை.

இந்த அமைப்பு விளங்கினால் செய்முறையும் விளங்கும். குருதி பின்னறைக்குள் தெரிந்தவுடன் நாளத்துக்குள் வந்திருப்பது ஊசி முனைதான், குழாய் இன்னும் வெளியில் நிற்கலாம். அதனால் ஊசியைத் தாழ்த்தி, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, பிறகுதான் குழாயை வழுக்கிவிட வேண்டும். இழுத்த ஊசியைத் திரும்ப உள்ளே செருகக்கூடாது, அது குழாயை வெட்டிவிடும். நிறமும் அலங்காரத்துக்கு இல்லை. அதிகமாகக் குருதி போகிறவருக்குச் செம்மஞ்சள் 14 அல்லது சாம்பல் 16, குழந்தைக்கு மஞ்சள் 24. குழாயின் ஆரை இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு என்பது புவசேயின் விதி.

நாடிக்கு வேறு ஒழுங்கு. மணிக்கட்டில் ஆரை நாடியைத் தொடமுதல், மற்ற நாடி கையைக் காப்பாற்றுமா எண்டு பார்க்கிற சோதனைக்கு எட்கர் அலனின் பெயர். அவர் 1929இல் விபரித்தது வேறொரு நோய்க்காக. நாடிக் கனுலா அமுக்கம் அளக்கவும் குருதி மாதிரி எடுக்கவும் மட்டுமே. அதற்குள் மருந்து போனால் விரல்களே அழுகிப்போகலாம். அதனால்தான் அந்தக் குழாயில் பெரிதாக அடையாளம் ஒட்டுகிறோம்.

நாய், குதிரை, பெயரில்லாத அந்தப் பெண். இவர்களுடைய வரிசையில்தான் எங்களிடம் கை நீட்டிய அம்மாவும் இருக்கிறார். ஆனால் அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கவேண்டும். அவரிடம் நாங்கள் கேட்கலாம். "நான் மாணவர், போடட்டுமா?" எண்டு கேட்பதும், இரண்டு தரம் பிழைத்தால் அனுபவமுள்ளவரைக் கூப்பிடுவதும் வெட்கம் இல்லை. அந்த அம்மாவிடம் நாங்கள் அண்டைக்குக் கேட்கவில்லை. இப்ப கேட்டுவிட்டுத்தான் குத்துகிறோம்.