விளாவித் தரும் குழாய்

ஆல் மோயனுக்குக் கை சுட்டது 1937இல். சியாட்டிலில் கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து கை கழுவப் போனவர் மேல் கொதிநீர் கொட்டியது. சூட்டையும் அளவையும் ஒரே பிடியில் அடக்கும் குழாயை வரையத் தொடங்கினார். இடையில் உலகப் போர் வந்து பித்தளைக்குத் தட்டுப்பாடு. 1947 கடைசியில்தான் சான் பிரான்சிஸ்கோவில் முதல் விற்பனை நடந்தது.

இங்கிலாந்தில் இந்தக் குழாய் எளிதில் நுழையவில்லை. அங்கே பச்சைத்தண்ணீர் ஊர் லைனில் இருந்து நேரே அழுத்தத்தோடு வரும். வெந்நீரோ அப்போது பரண்மேல் இருந்த தொட்டியை நம்பி மெல்ல இறங்கும். தொட்டித் தண்ணீர் ஊர் லைனுக்குள் ஏறிவிடக்கூடாது என்று விதி. அதனால் வீட்டுக்கு வீடு இரண்டு குழாய். கலக்கும் குழாய் வந்தபோதும், மூக்கின் நுனிவரை இரு தண்ணீரும் தனித்தனிப் பாதையில் போகும்படி செய்தார்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. மொட்டைமாடி சின்டெக்ஸில் இருந்தே இரண்டும் இறங்குகின்றன. ஆனால் வெந்நீர்தான் அடுப்பைத் தாண்டி வராமல் இருந்தது. அண்டாவில் காய்ச்சி, வாளியில் விளாவிக்கொண்டோம். கெய்சரும் சோலாரும் வந்த பிறகுதான் வெந்நீர் சுவருக்குள் புகுந்தது. அதற்கு சூடு தாங்கும் சிபிவிசி பைப்பும் வேண்டியிருந்தது. சாதா வெள்ளை பிவிசியில் வெந்நீர் விட்டால் பைப் இளகிவிடும்.

இந்தக் குழாயின் உடல் பித்தளை. இந்தியாவில் பித்தளை உதிரிபாகங்களுக்குப் பேர்போன ஊர் குஜராத்தின் ஜாம்நகர். பித்தளையை உருக்கி வார்த்து, கடைந்து, பாலிஷ் போட்டு, நிக்கலும் மேலே குரோமியமும் பூசினால் குழாய்க்குப் பளபளப்பு வந்துவிடும். உயிர் இருப்பது உள்ளே, கார்ட்ரிட்ஜில். அதில் இரண்டு பீங்கான் வட்டுகள். கீழ்வட்டு அசையாது, வெந்நீருக்கு ஒரு துளை, பச்சைத்தண்ணீருக்கு ஒரு துளை. பிடியைத் தூக்கினால் மேல்வட்டு நகர்ந்து வழி திறக்கும். திருப்பினால் ஒரு துளை விரிந்து மற்றது சுருங்கும்.

இனி மாட்டும் வேலை. தேனி மாவட்டத்தில், போடியில் இருந்து தேவாரம் போகிற ரோட்டில் இருக்கிறது சிலமலை. இதுபோன்ற மலையடிவாரத்து ஊரில், சமையலறைச் சுவரில் ஏற்கெனவே இரண்டு குழாய் இருந்தால், சுவரில் மாட்டும் கலவைக் குழாயான வால் மிக்சர் போதும். அதன் இரண்டு வாய்க்கும் நடுவே ஆறு அங்குலம். சுவரில் உள்ள பாயின்ட் கொஞ்சம் விலகியிருந்தாலும் வளைந்த லெக்கைத் திருகித் திருகிச் சரிக்கட்டிவிடலாம். இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத்தண்ணீர். டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதற்கு முன்பு லைனைத் திறந்து கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட வேண்டும். பைப்புக்குள் கிடக்கும் ஒரு பொடி மணல் வட்டில் கோடு போட்டாலே குழாய் சொட்ட ஆரம்பிக்கும்.

மாட்டியதும் எல்லாம் முடிந்துவிடாது. பச்சைத்தண்ணீர் பிரஷர் பம்பில் இருந்தும் வெந்நீர் சோலாரில் இருந்து தானாகவும் வந்தால், பிரஷர் உள்ளது மற்றதைத் தள்ளிக்கொண்டு வெந்நீர் லைனுக்குள் ஏறும். சமையலறையில் மிக்சரைத் திறந்தால் குளியலறை வெந்நீர் ஆறிப்போகும். குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டையும் ஒரே தொட்டியில் இருந்து எடுக்க வேண்டும், அல்லது வெந்நீர் லைனில் தண்ணீரைத் திரும்ப ஏறவிடாத என்ஆர்வி வால்வு போட வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் விதி போட்டுத் தடுத்ததும் இதே மாதிரிச் சங்கதியைத்தான்: ஒரு லைன் தண்ணீர் மற்ற லைனுக்குள் ஏறுவதை.

அதன் பிறகு குழாயின் ஆயுசு தண்ணீரின் கையில். உப்புக் கூடின போர் தண்ணீர் என்றால் மூக்கு நுனிச் சல்லடையில் வெள்ளை படியும், பிடி இறுகும். சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் அந்த வெள்ளை போகும். கார்ட்ரிட்ஜ் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆகவே வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இதுக்குக் கார்ட்ரிட்ஜ் போடியிலேயே கிடைக்குமா?’