தொக்கணம் செய்வோரைத் தேர்ந்த வரலாறு

கரைவலை இழுத்துத் தோள் பிசகிய மீனவர் ஒருவர், தம் உடம்பைப் பிறர் கையில் ஒப்படைக்குமுன் அக்கையை எவ்வாறு நம்புகிறார்? எங்கள் பள்ளிவாசல்துறை போன்ற கரையோர ஊர்களில் முன்னாளில் இவ்வினா அரிதாகவே எழுந்தது. இன்னார் கை பட்டுச் சுளுக்குத் தீர்ந்தது, இன்னார் உருவி நோவு கூடிற்று என்பது ஊரறிந்த செய்தி. ஊர் வாயே அந்நாளிற் பதிவேடு.

அக்கைகளுக்குப் பின்னால் ஒரு சாத்திரமும் இருந்தது. உடம்பு பிடித்தலைச் சித்த வைத்தியம் தொக்கணம் என்னும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகைப்படுத்தும். எதனை எங்கே செய்வது, எங்கே செய்யாது விடுவது என்பதே அதன் கல்வி. எண்ணெயின் வாசனையைக் கொண்டு ஆளை மதிப்போர் இதனைக் கருதுவதில்லை.

பெருநகரிலோ அயலவர் வாய்ச்சொல் இல்லை; பெயர்ப்பலகைதான் உண்டு. இலண்டனில் உடம்பு பிடிக்கும் நிலையங்கள் சில ஒழுக்கக்கேட்டுக்குத் திரையாயிருந்ததை 1894ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை அம்பலப்படுத்திற்று. நேர்மையாக உழைத்தோர்க்கும் அவப்பெயர் வந்தது. அவ்வாண்டே றோசலின்ட் பஜெற் உள்ளிட்ட தாதியர் நால்வர் ஒரு சங்கம் அமைத்தனர். வைத்தியர் பணித்தாலன்றிக் கை வைத்தலாகாது, பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தலாகாது, நோயாளிக்கு மருந்து விற்றலாகாது என்பன அவர்தம் விதிகளுட் சில. இறுதி விதியை நான் பெரிதும் மெச்சுகிறேன். உருவ வந்தவர் தைலப் போத்தலை நீட்டும்போதே ஐயம் பிறக்க வேண்டாமா? 1920இல் அரச பட்டயம் பெற்ற அச்சங்கமே இன்று பிரித்தானிய இயன்மருத்துவர் சங்கமாக விளங்குகிறது.

நம் நாட்டில் 1929இல் கொழும்பிற் சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றிற்று. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் ஆயுர்வேதம் என்னும் சொல்லுள் அடக்கி, வைத்தியரைப் பதிவு செய்ய ஆயுர்வேத மருத்துவ சபையை நிறுவிற்று. ஆயினும் பலகையில் எழுதிய 'ஆயுர்வேதம்' என்னும் சொல் பதிவுச் சான்றாகாது. கற்பிட்டிக் குடாநாட்டை நாடிச் சுற்றுலாப் பயணிகள் வரும் இந்நாளில், பதிவு எவர் பெயரில் உள்ளது, கை வைப்பவர் அவர்தாமா, எவரிடம் எத்தனை காலம் பயின்றார் என்று கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

அவர் நம்மை என்ன கேட்கிறார் என்பதையும் கவனித்தல் நன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம், கர்ப்பம், பழைய முறிவு உண்டா என வினவாதவர் கை எவ்வளவு இதமாயிருந்தென்ன? ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடேறி நோகுமாயின், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரற் குழாயை அடைக்கவும் கூடும். அத்தகைய காலைத் தொடாது, "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று கூலி வாங்காமல் அனுப்புபவரிடம், என் தோள் நோவுக்கு நான் தயங்காமற் செல்வேன்.