பெயர் பொறித்த பொருளும் அதன் பூர்வீகமும்

திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்தைக் கடந்து உள்ளே செல்வோர், அங்குள்ள மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் மூன்று உலோகப் பிரதிமைகளைக் காணலாம். கிருஷ்ணதேவராயரும், அவருடைய தேவியரான திருமலாதேவி, சின்னாதேவி என்போருமே அவர்கள் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழுவதில்லை. அவரவர் பெயர் அவரவர் தோளிலேயே பொறிக்கப்பட்டிருப்பதே காரணம்.

அதே கோயிலில் போக சீனிவாசர் என வழங்கும் சிறிய வெள்ளித் திருமேனியின் வரலாறு வேறு வகையானது. அதனை அளித்தவர் சாமவை என்னும் பல்லவ அரச குலத்து மங்கை என்பதை நாம் அறிவது கோயிற் சுவரில் உள்ள தமிழ்ச் சாசனத்தால். பூசைக்கும் விழாவுக்கும் வேண்டிய நிலத்தை, திருச்சுகனூர் என்று அந்நாளில் வழங்கிய திருச்சானூரின் சபையாரிடமிருந்து அவர் பெற்ற செய்தியும் அச்சாசனத்தில் உண்டு. ஆயினும் காலத்தை அது ஆட்சியாண்டாலேயே குறிக்கின்றது. ஆகவே கி.பி. 614 என்பர் ஒரு சாரார். 966 என்பர் மற்றொரு சாரார். கொடுத்தவர் பெயர் ஐயமின்றித் தெரிந்தும், காலத்தில் முந்நூற்றைம்பது ஆண்டு வேறுபாடு!

பெயர் ‘யார்’ என்பதைச் சொல்லும்; ‘எப்போது’, ‘எதன் பொருட்டு’ என்பவற்றைச் சொல்ல வேறு சாட்சி வேண்டும். இவ்வுண்மை கோயிற் பொருள்களுக்கு மட்டுமன்று, விளையாட்டு வீரர்கள் கையொப்பமிட்ட பந்து, மட்டை முதலியவற்றுக்கும் பொருந்தும். இவற்றைச் சேகரிப்போர் உலகெங்கும் உளர். அவர்களுள் தேர்ந்தவர்கள் செய்வது ஏறக்குறைய சாசன ஆராய்ச்சியே ஆகும்.

அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் பந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே தேசிய லீக் என்னும் அமைப்பின் அதிகாரபூர்வமான பந்துகளில் அதன் தலைவரின் கையொப்பம் அச்சிடப்படுவது வழக்கமாக இருந்தது. வாரன் கைல்ஸ் என்பவர் அத்தலைமையை ஏற்றது 1951-ஆம் ஆண்டில். பெரும் புகழ் பெற்ற பேப் ரூத் மறைந்ததோ 1948 ஆகஸ்டு 16-ஆம் நாள். எனவே, கைல்ஸின் அச்சுக் கையொப்பம் தாங்கிய பந்தில் ரூத்தின் மைக் கையொப்பம் காணப்படுமாயின், எழுத்து எத்துணை ஒத்திருப்பினும் அது போலியே. 1990-களில் அந்நாட்டு மத்தியப் புலனாய்வுத் துறையினர் ஒரு பெரும் போலிக் கூட்டத்தைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையொப்பமிட்டதாகக் காட்டும் பேஸ்பால் பந்துகளும் அகப்பட்டன என்றால், ஆசை அறிவை எவ்வளவு மறைக்கும் என்பது விளங்கும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சென்னைச் சேப்பாக்கத்தில் 1952 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியா இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது. 1932 முதல் ஆடிவந்த நம்மவர்க்கு அது 25-ஆவது டெஸ்ட். அதுவே முதல் வெற்றி. வினூ மன்கட் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தனர். அந்த வெற்றியின் நினைவாக வீரர்கள் கையொப்பமிட்டது என்று ஒரு மட்டையை ஒருவர் காட்டுவதாகக் கொள்வோம். அதனை ஆராய்வது எங்ஙனம்?

முதலில் பெயர்ப் பட்டியலைப் பார்க்க வேண்டும். சுற்றுப்பயணம் வந்த இங்கிலாந்து அணியின் தலைவர் நைஜல் ஹோவர்ட். உடல்நலக் குறைவால் அவர் சென்னையில் ஆடவில்லை. தலைமை தாங்கியவர் டொனால்டு கார். ஹோவர்டின் பெயர் மட்டையில் இருப்பின் அது போலி என்று உடனே தள்ளிவிடலாகாது. சுற்றுப்பயணத்தில் வேறோர் ஊரில் பெற்ற கையொப்பமாகலாம். அப்போது பொருள் மெய். அதைப் பற்றிய கதையே பிழை. நம் அணியிலோ தலைவர் விஜய் ஹஸாரே முதல் சென்னை வீரர் சி. டி. கோபிநாத் வரை பதினொருவர் பெயரும் ஆட்டக் குறிப்பில் உள்ளன. அவற்றோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்து எழுதுகருவி. நார்முனைப் பேனா ஜப்பானிலிருந்து வெளிவந்தது 1962-ஆம் ஆண்டளவில். அப்பேனாவின் தடம் காணப்பட்டால், கையொப்பம் அன்று இடப்பட்டதன்று. முதுமையில் அவ்வீரரே இட்டிருக்கவும் கூடும். மேலும், புகழ் பெற்ற வீரரின் கையொப்பத்தை மட்டை செய்வோரே அச்சிட்டு விற்பதும் உண்டு. அதனைப் பூதக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும். கையால் எழுதியதில் கோடு கனத்தும் மெலிந்தும் செல்லும். அச்சில் ஒரே சீராக நிற்கும்.

இவை யாவினும் மேலானது, பொருள் கைமாறி வந்த வழி. யார் பெற்றார், எவ்விடத்தில், யாரிடமிருந்து, பின் எவர் கைக்கு வந்தது என்னும் தொடர்ச்சியை எந்தக் கண்ணாடியும் காட்டாது. சேப்பாக்கத்து வெற்றியைக் கண்ணாரக் கண்டவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களோடு அச்செய்தியும் மறையுமானால், வீட்டுப் பரணில் கிடக்கும் மட்டை வெறும் மரமாகிவிடும். மெய்யானதும் போலியோடு ஒன்றாக எண்ணப்படும்.

ஆதலால், நேயர்களே, உங்கள் இல்லத்தில் இத்தகைய பொருள் இருப்பின், மங்கிய எழுத்தின்மேல் மீண்டும் எழுதாதீர்கள். வெயில் படாமல் வையுங்கள். பெரியோர்களைக் கேட்டு, அது வந்த வகையைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள். கேட்டறிந்தது எது, நேரிற் கண்டது எது என்பதையும் பிரித்து எழுதுங்கள். சாமவையின் கொடையை நாம் இன்றும் அறிவது, அதனை அக்காலத்தார் சுவரில் எழுதி வைத்ததால் அன்றோ?